லிவர்புல் நகரம் நம்ப மறுத்த செய்தி: பில் ஷாங்க்லியின் வாழ்க்கை

நிர்வாகி போக வேண்டுமா, இருக்க வேண்டுமா? கிளப் முதலாளிகளுக்குக் கிண்ணம் வெல்லும் ஆசை இருக்கிறதா, இல்லை கணக்குப் புத்தகம் மட்டும் போதுமா? சனி, ஞாயிறு இரவுகளில் மாமாக் கடைத் தொலைக்காட்சியின் முன் நம்மவர்கள் தே தாரிக் ஆறும் வரை அடித்துக்கொள்ளும் இந்த வாக்குவாதம் புதிதல்ல. லிவர்புல் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் அங்கே ஒருவராவது இருப்பார். அந்த சட்டை முழுச் சிவப்பாக மாறியதற்கும், அந்த கிளப் இன்று இந்த அளவுக்குப் பேசப்படுவதற்கும் காரணமானவர் பில் ஷாங்க்லி. அவர் சொன்னதாகப் பல வாசகங்கள் டி-சட்டைகளில் அச்சாகி விற்கின்றன. வாசகங்கள் பரவிய அளவுக்கு அவரது வாழ்க்கை பரவவில்லை.

ஷாங்க்லி 1913 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஏர்ஷையர் வட்டாரத்தில் கிளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. ஆண் பிள்ளைகள் ஐவர். ஐவருமே பின்னாளில் தொழில்முறைக் காற்பந்து ஆடினார்கள். தாயாரின் சகோதரர்களும் பந்தாட்டக்காரர்கள். சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அந்தக் குக்கிராமம் சுமார் ஐம்பது தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தந்தது என்பார்கள். சுரங்கத்தை விட்டு வெளியேற அங்கிருந்த பையன்களுக்குத் தெரிந்த ஒரே வழி பந்துதான்.

14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஷாங்க்லி சுரங்க வேலைக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் சுரங்கம் மூடப்பட்டது, வேலை போயிற்று. ஒரே வேலையை நம்பி ஓர் ஊரே இருந்து, அந்த வேலை போனதும் ஊரே கலைந்துபோவது எப்படி என்று தோட்டத் துண்டாடலைப் பார்த்த நம் பெரியவர்களிடம் யாரும் விளக்கத் தேவையில்லை. கிளென்பக்கும் அப்படித்தான் காலப்போக்கில் ஆளில்லாமல் போனது.

1932-இல் கார்லைல் யுனைடெட் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே 500 பவுண்டுக்கு பிரஸ்டன் நார்த் எண்டுக்கு மாறினார். அங்கே ஆட்டக்காரராகக் கிட்டத்தட்ட 300 லீக் ஆட்டங்கள். 1937-இல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் சண்டர்லண்டிடம் தோல்வி. மறு ஆண்டே ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிடைத்த பினால்டியால் கிண்ணம் கையில் வந்தது. ஸ்காட்லாந்துக்கும் ஆடினார். ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தபோது உலகப் போர் வந்தது. பிரிட்டன் போரில் இறங்கிய நாளுக்கு முந்திய நாள்தான் அவருக்கு 26 வயது முடிந்திருந்தது. போர் முடிந்து திரும்பியபோது வயது 32-ஐ எட்டியிருந்தது. நல்ல ஆண்டுகள் ஆகாயப் படை முகாம்களிலேயே கழிந்துவிட்டன. அந்த முகாம் வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம், அதே படையில் பணியாற்றிய நெஸ்ஸி. 1944-இல் அவரைக் கைப்பிடித்தார்.

அதன் பிறகு நிர்வாகி வேலை. இங்கேதான் ஷாங்க்லியின் குணம் தெரிய ஆரம்பிக்கிறது. 1949-இல் பழைய கார்லைல் கிளப்பையே பொறுப்பேற்றார். மூன்றாம் டிவிஷனில் கிடந்த அணியை மேலே கொண்டுவந்தார். முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் ஆட்டக்காரர்களுக்கு ஊக்கத்தொகை தருவதாகச் சொன்ன இயக்குநர்கள், அணி மூன்றாவதாக வந்ததும் வாக்கை மீறிவிட்டதாக அவருக்குக் கோபம். விலகிவிட்டார். அடுத்து கிரிம்ஸ்பி டவுன். முதல் பருவத்திலேயே இரண்டாம் இடம். ஆனால் முதலிடம் பிடிக்கும் ஓர் அணிக்கு மட்டுமே பதவி உயர்வு என்பது அன்றைய விதி. ஆட்டக்காரர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, புதியவர்களை வாங்கப் பணம் இல்லை. 1954 ஜனவரியில் அங்கிருந்தும் விலகினார்.

பிறகு போன இடம் வொர்க்கிங்டன். லீக்கின் அடிமட்டத்தில் தத்தளித்த சின்னஞ்சிறு கிளப். அங்கே நிர்வாகி என்றால் தொலைபேசியை எடுப்பது, வந்த கடிதங்களுக்குப் பதில் தட்டச்சு செய்வது எல்லாமே அவர் வேலைதான். அந்தத் தட்டச்சுப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

1955 இறுதியில் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுனுக்கு உதவியாளராக வந்து, அடுத்த ஆண்டு நிர்வாகி ஆனார். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒல்லிப் பையன் ஒருவனை 16 வயதில் முதல் அணியில் இறக்கினார். அவன்தான் பின்னாளில் மென்செஸ்டர் யுனைடெட்டின் நட்சத்திரமான டெனிஸ் லா. இரண்டு ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களையும் வாங்கித் தரும்படி ஷாங்க்லி இயக்குநர்களிடம் கேட்டார்: முன்வரிசையில் இயன் செயின்ட் ஜான், தற்காப்பில் ரோன் யேட்ஸ். விலை அதிகம் என்று கைவிரித்தார்கள். இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, பத்தாண்டுகளில் நான்கு கிளப்புகள். வேலையில் நிலைக்கத் தெரியாதவர் என்று அன்று யாராவது நினைத்திருந்தால் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் சண்டை ஒன்றுதான். ரசிகன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்குகிறான். அவன் ஆசைப்படும் அளவுக்கு கிளப்பின் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் ஆசைப்பட வேண்டும் என்பதுதான் அவர் கட்சி.

லிவர்புல் அவரை 1951-லேயே நேர்முகத்துக்கு அழைத்தது. எந்த ஆட்டக்காரர் ஆட வேண்டும் என்பதில் இயக்குநர்கள் தலையிடும் வழக்கம் அங்கு இருந்தது. அதற்கு ஷாங்க்லி உடன்படவில்லை; வேலையும் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அதே கிளப் அவரைத் தேடி வந்தது. அதற்குள் லிவர்புல் கீழே போயிருந்தது. 1954-இல் இரண்டாம் டிவிஷனில் விழுந்த அணி எழவே இல்லை. 1959 ஜனவரியில் எஃப்ஏ கிண்ணத்தில் லீக்கிலேயே இல்லாத வூஸ்டர் சிட்டியிடம் 2-1 என்று தோற்றது. உள்ளூர்ப் போட்டியாளரான எவர்ட்டன் முதல் டிவிஷனில் இருந்தது. அந்த நகரத்தில் வேலைக்குப் போகும் சிவப்புச் சட்டைக்காரர் திங்கட்கிழமை காலையில் என்னென்ன கேலி கேட்டிருப்பார் என்பதை நம்மூர் ரசிகர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

1959 டிசம்பரில் ஷாங்க்லி பொறுப்பேற்றார். ஆன்ஃபீல்ட் அரங்கம் பாழடைந்து கிடந்தது; திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூட வசதியில்லை. மெல்வூட் பயிற்சித் திடல் புல்லும் புதருமாக இருந்தது. முதல் ஆட்டத்தில் சொந்தத் திடலிலேயே கார்டிஃப் சிட்டியிடம் 4-0 தோல்வி. புதிதாக வரும் நிர்வாகி தன் ஆட்களையே கூட்டி வருவது வழக்கம். இவர் அதைச் செய்யவில்லை. ஏற்கெனவே இருந்த பயிற்றுநர்கள் பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோரை அப்படியே வைத்துக்கொண்டார். காலணிகள் வைக்கும் சின்ன அறையில் இவர்கள் கூடித் தேநீர் குடித்துப் பேசிய பேச்சுதான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு லிவர்புலின் மூளையாக இருந்தது. ஆட்டக்காரர்கள் விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டவில்லை. சுமார் ஓராண்டுக்குள் 24 பேர் வெளியே போனார்கள்.

இருந்தும் 1960-இல் மூன்றாம் இடம். 1961-இல் மறுபடியும் மூன்றாம் இடம். இரண்டு அணிகள்தாம் மேலே போகலாம். அரங்கத்தில் கூட்டம் குறைந்தது. ஜாக் சார்ல்டனைக் கேட்டார். லீட்ஸ் கேட்ட விலையைத் தர இயக்குநர்கள் தயாராக இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் பார்த்த படமே மீண்டும் ஓடுவது போல இருந்தது. ஷாங்க்லி விலகிவிடுவார் என்ற நிலை.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் எரிக் சாயர் என்ற இயக்குநர். லிட்டில்வுட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த கணக்கர். பொதுவாகக் கணக்கர்தான் பணப்பையை இறுக்கிப் பிடிப்பார், இங்கே நேர்மாறு. நல்ல ஆட்களை வாங்காமல் இருப்பதுதான் கிளப்புக்கு நட்டம் என்று மற்ற இயக்குநர்களிடம் வாதாடி அவர் பணத்தைப் பெற்றுத் தந்தார். 1961-இல் 37,500 பவுண்டுக்கு செயின்ட் ஜான் வந்தார். சில வாரங்களில் யேட்ஸும் வந்தார். ஹடர்ஸ்ஃபீல்ட் வேண்டாம் என்ற அதே இருவர். ஆறடிக்கு மேல் உயரமான யேட்ஸை நிறுத்திவைத்து, அவரைச் சுற்றி நடந்து பார்க்கும்படி பத்திரிகையாளர்களை அழைத்தார் ஷாங்க்லி. செயின்ட் ஜானோ தம் முதல் ஆட்டத்திலேயே எவர்ட்டனுக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டார். அந்த ஆட்டத்தில் லிவர்புல் 4-3 என்று தோற்றது வேறு விஷயம்.

1962-இல் இரண்டாம் டிவிஷன் வெற்றியாளர். ரோஜர் ஹண்ட் மட்டும் 41 லீக் கோல்கள். எட்டு ஆண்டுகள் கழித்து அணி மேலே வந்தது. அந்த ஆண்டே மறுபடியும் ஒரு கொதிப்பு. தமக்குத் தெரியாமலே ஜானி மோரிஸி என்ற ஆட்டக்காரரை இயக்குநர்கள் எவர்ட்டனுக்கு விற்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் விலகப் போவதாக மிரட்டினார் ஷாங்க்லி. சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்கள். இனி அப்படி நடக்கக்கூடாது என்பதும் அவர்களுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். 1964-இல் லீக் விருது. அந்த ஆண்டு இறுதியில் ஆண்டர்லெக்ட் அணிக்கு எதிராகக் காற்சட்டையும் காலுறையும் சேர்த்து முழுச் சிவப்பில் ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். 1965-இல் லீட்ஸை 2-1 என்று வென்று கிளப் வரலாற்றின் முதல் எஃப்ஏ கிண்ணம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தோள்பட்டை எலும்பு முறிந்த ஜெரி பைர்ன், மாற்று ஆட்டக்காரர் விதியே இல்லாத அந்தக் காலத்தில், கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடங்கள் ஆடினார். 1966-இல் பருவம் முழுவதும் 14 பேரை மட்டுமே வைத்து மீண்டும் லீக் விருது.

பிறகு ஏழு ஆண்டுகள் ஒரு கிண்ணமும் இல்லை.

இன்றைய வேகத்தில் ஏழு மாதம் வெறுங்கையாக இருந்தாலே நிர்வாகியின் பெயரை எழுதிய பதாகை அரங்கத்தில் பறக்கும். ஷாங்க்லிக்கும் இதில் குற்றம் இல்லாமல் இல்லை. 60-களில் வென்று தந்த ஆட்டக்காரர்கள் மீது அவருக்கு இருந்த பாசம் கண்ணை மறைத்தது; கால் தளர்ந்த பிறகும் அவர்களையே நம்பினார். 1970 பிப்ரவரியில் எஃப்ஏ கிண்ணக் காலிறுதியில் இரண்டாம் டிவிஷன் அணியான வாட்ஃபோர்டிடம் 1-0 என்று தோற்றபோதுதான் கண் திறந்தது. அந்தப் பருவத்தில் லீக் வென்றது எவர்ட்டன். அது இன்னும் சுட்டது. யேட்ஸ், செயின்ட் ஜான், கோல் காவலர் டாமி லாரன்ஸ் ஆகியோரை ஒதுக்கினார். பிள்ளைகளைப் போல வளர்த்தவர்களை முகத்துக்கு நேரே உட்கார வைத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பதும், அதனால் செயின்ட் ஜான் போன்றவர்கள் மனம் புண்பட்டார்கள் என்பதும் அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கம்.

ஆனால் கிளப் அவரை விலக்கவில்லை. அந்தப் பொறுமைக்குப் பலன் இருந்தது. கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ஸ்கன்தோர்ப் கிளப்பிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தார் கோல் காவலர் ரே கிளெமென்ஸ். அதே கிளப்பிலிருந்து 1971-இல் சுமார் 35,000 பவுண்டுக்கு வந்தார் கெவின் கீகன். ஸ்டீவ் ஹைவே, ஜான் டோஷாக், எம்லின் ஹியூஸ் என்று புதிய அணி உருவானது. 1973-இல் லீக் விருதும், லிவர்புலின் முதல் ஐரோப்பியக் கிண்ணமான யூஇஎஃப்ஏ கிண்ணமும் ஒன்றாக வந்தன.

அந்த ஏப்ரலில் விருதோடு ஆன்ஃபீல்ட் திடலைச் சுற்றி வந்தபோது நடந்தது இது. ரசிகர் ஒருவர் ஷாங்க்லியை நோக்கி வீசிய கழுத்துத் துண்டைக் காவலர் ஒருவர் காலால் ஒதுக்கினார். ஷாங்க்லி அந்தக் காவலரைக் கண்டித்து, துண்டைக் குனிந்து எடுத்துத் தம் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் துணி யாரோ ஒருவருக்கு உயிர் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் வாழ்ந்ததும் அவர்களைப் போலத்தான். வெஸ்ட் டார்பியில் ஒரு சாதாரண இரட்டை வீடு. 1960-இல் குடியேறியவர் சாகும் வரை மாறவில்லை. ரசிகர்கள் கதவைத் தட்டினால் உள்ளே அழைப்பார். வந்த கடிதங்களுக்கு அந்தப் பழைய வொர்க்கிங்டன் பழக்கத்தில் தாமே உட்கார்ந்து தட்டச்சு செய்து பதில் போடுவார். டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு டிக்கெட் தேடித் தருவார்.

1974 மே 4-ஆம் தேதி நியூகாசலை 3-0 என்று வீழ்த்தி எஃப்ஏ கிண்ணம். வெம்பிளி திடலுக்குள் ஓடிவந்த இரு ரசிகர்கள் அவர் காலில் விழுந்தார்கள். புதிய அணி இளமையோடு இருந்தது. இனி எல்லாம் ஏறுமுகம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஜூலை 12-ஆம் தேதி கிளப் பத்திரிகையாளர்களை அழைத்தது. ஆர்சனலிலிருந்து ரே கென்னடியை வாங்கிய நாள் அது. ஆனால் தலைவர் ஜான் ஸ்மித் படித்த செய்தி வேறு: ஷாங்க்லி ஓய்வு பெறுகிறார். பருவம் முடிந்த விடுமுறைக் காலங்களில் விலகப் போகிறேன் என்று அவர் முன்பும் பல முறை சொன்னதுண்டு. ஒவ்வொரு முறையும் பேசித் திருப்பியிருக்கிறார்கள். இந்த முறை முடியவில்லை. வயது 60. களைத்துவிட்டார். பந்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர், நெஸ்ஸியோடும் பிள்ளைகளோடும் இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

கிரனடா தொலைக்காட்சியின் இளம் செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு லிவர்புல் தெருவில் இறங்கி, போவோர் வருவோரிடம் செய்தியைச் சொன்னார். அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. யாரும் நம்பவில்லை. விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். பிறகு சிரிப்பு நிற்கிறது. சிறுவன் ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத் திகைத்து நிற்கிறான். கிளப்பின் தொலைபேசி ஓயவில்லை. அவர் திரும்பாவிட்டால் வேலைநிறுத்தம் செய்வோம் என்று தொழிற்சாலை ஊழியர்கள் மிரட்டியதாகவும் செய்தி வந்தது. நிர்வாகியை அனுப்பு என்று ரசிகர்கள் கத்துவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். போகாதே என்று ஒரு நகரமே கேட்டது இங்கே.

ஆகஸ்டில் லீட்ஸுக்கு எதிரான அறக்கொடைக் கேடய ஆட்டத்தில் கடைசி முறையாக அணியைத் திடலுக்கு அழைத்து வந்தார். அதற்குப் பிறகு பாப் பெய்ஸ்லியின் காலம். அந்தப் பதவியை விரும்பாமலே ஏற்றவர் பெய்ஸ்லி.

ஷாங்க்லியால் வீட்டில் உட்கார முடியவில்லை. மெல்வூட் திடலுக்கு வழக்கம் போலப் பயிற்சிக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் வாய் தவறி அவரையே தலைவர் என்று அழைத்தார்கள். பக்கத்தில் நின்ற பெய்ஸ்லிக்குச் சங்கடம். வராமல் இருப்பது நல்லது என்று கிளப் அவருக்கு உணர்த்த வேண்டியதாயிற்று. இயக்குநர் பதவி கிடைக்கும் என்ற அவரது எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. தாம் கட்டிய வீட்டிலேயே விருந்தாளியாகக்கூட இடமில்லையே என்ற வருத்தத்தை 1976-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் மறைக்கவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம் என்று லிவர்புல் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். முதல் பருவத்தில் பெய்ஸ்லிக்குக் கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. நிழல் பின்னாலேயே நின்றிருந்தால் அவர் ஆறு லீக் விருதுகளையும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களையும் வென்றிருப்பாரா என்பது நியாயமான கேள்வி. இரண்டு நிர்வாகிகள் ஒரு திடலில் நிற்க முடியாது. ஆனால் அதைச் சொல்வதற்கு மனிதத்தன்மையான வழி இருந்திருக்கும். அவரைத் திடலிலிருந்து விலக்கி வைத்தது சரி என்றே வைத்துக்கொண்டாலும், 15 ஆண்டுகள் உழைத்தவருக்கு இயக்குநர் மேசையில் ஒரு நாற்காலி போடாமல் விட்டது கிளப்பின் கணக்கில்தான் சேரும்.

போகப் போக, வீட்டுக்கு அருகே இருந்த எவர்ட்டனின் பெல்ஃபீல்ட் பயிற்சித் திடலுக்குப் போனார். எதிரி கிளப் அவரைத் தேநீர் கொடுத்து வரவேற்றது. ட்ரான்மியர் ரோவர்ஸ் நிர்வாகியாக இருந்த பழைய சீடர் யேட்ஸுக்கு ஆலோசனை சொன்னார். உள்ளூர் வானொலியில் நிகழ்ச்சி நடத்தி, பிரதமர் ஹெரல்ட் வில்சனையே பேட்டி கண்டார். ஆட்ட நாட்களில் கோப் ரசிகர்களோடு போய் நின்று ஆட்டம் பார்த்ததும் உண்டு. தெருவில் பந்து விளையாடும் பையன்களோடு சேர்ந்து விளையாடினார். தோற்றால் கோபமும் வரும்.

1981 செப்டம்பர் இறுதியில் மாரடைப்பு. 29-ஆம் தேதி காலை மருத்துவமனையில் காலமானார். மது, புகை இரண்டும் தொடாமல், நாள்தோறும் உடற்பயிற்சி செய்து வந்த அவர் இறப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரைட்டனில் நடந்துகொண்டிருந்த தொழிலாளர் கட்சி மாநாட்டில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அவரது சாம்பலை ஆன்ஃபீல்டில் கோப் பக்கத்துக் கோல் அருகே தூவினார்கள். மறு ஆண்டு அவர் பெயரில் வாயில் திறக்கப்பட்டது. 1997-இல் கழுத்துத் துண்டோடு கைகளை விரித்து நிற்கும் சிலை வந்தது.

நெஸ்ஸி 2002-இல் இறக்கும் வரை அதே வெஸ்ட் டார்பி வீட்டிலேயே இருந்தார். கிளென்பக்கில் அந்தப் பழைய கிராமம் இன்று இல்லை. புல்வெளி நடுவே நினைவுக் கல் இருக்கிறது. அங்கு போகும் லிவர்புல் ரசிகர்கள் சிவப்புத் துண்டுகளைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.